பதினோரு அறிகுறிகள்

"ஆதார் கார்டு யாரும்மா வச்சிருக்காங்க?"

"மேஸ்திரிதான் சார். சேர்ந்த அன்னிக்கே வாங்கி வச்சிக்கிட்டாரு."

"திருப்பிக் கேட்டியா... கேட்டீங்களா?"

"கேட்டவளை ரெண்டு நாளு ரூமுக்குள்ள போட்டுப் பூட்டினாங்க சார். அதைப் பார்த்ததுக்கப்புறம் நான் கேக்கல."

லேபர் இன்ஸ்பெக்டர் வெங்கடசுப்ரமணியன் கையிலிருந்த படிவத்தில் அடுத்தடுத்து இரண்டு டிக் போட்டார். ஆள் கடத்தலுக்கான பதினோரு அறிகுறிகளில் ஆறு ஆகிவிட்டது. மரியாதையாகப் பேசுவதற்குத் தனி மார்க் இருப்பது நல்லவேளையாகப் பாதியில் நினைவுக்கு வந்தது.

பெங்களூரில் ஒரு தொழிலாளர் அலுவலகத்தின் இரண்டாவது மாடி. ஆள் கடத்தலைக் கண்டுபிடித்துப் புகார் செய்ய அதிகாரிகளுக்கு ஒருநாள் பயிற்சி. விளக்கேற்ற அரை மணி நேரம் ஆனது. சிறப்பு விருந்தினர், தான் சிறப்பு விருந்தினர் ஆன கதையைச் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம். கடத்தலுக்கு மிஞ்சியது சாப்பாட்டுக்கு முந்தைய முக்கால் மணி நேரம்தான். அதில்தான் இந்தச் செய்முறைத் தேர்வு. நாடகக் குழுவிலிருந்து ஒரு பெண், அடைத்து வைக்கப்பட்ட தொழிலாளியாக வருவாள். ஓர் அதிகாரி அவளை விசாரிக்க வேண்டும். மற்ற முப்பது பேர் பார்க்க வேண்டும்.

வாசலிலிருந்தே வேஷமாகத்தான் வர வேண்டும் என்று பயிற்சியாளர் சஹானா நாடகக் குழுவிடம் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பன்னிரண்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, ரப்பர் செருப்பும் கரித்தூள் ஏறிய விரல்களுமாகக் கதவோரம் வந்து நின்றவள், "இங்க பெரிய ஆபீசர் யாரு சார்?" என்று தமிழில் கேட்டாள். கன்னடக்காரர்கள் மொத்தமாகத் திரும்பி வெங்கடசுப்ரமணியனைப் பார்த்தார்கள்.

அவருக்கும் ஆசைதான். இந்த வருடப் பயிற்சிகள் எல்லாவற்றிலும் முதல் மார்க் வாங்குபவருக்கு டெல்லியில் மேல்பயிற்சி. இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவரைச் சிக்கபள்ளாபூரைத் தாண்டி யாரும் அனுப்பியதில்லை.

"பேரு, ஊரு? அதை எழுதவே விட்டுட்டேன்."

"தாரணி. செங்கம் பக்கம்." அவள் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "கொஞ்சம் சீக்கிரம் எழுதிக்குங்க சார். லைசென்ஸ் விஷயமா மேஸ்திரி கீழ கவுண்டர்ல நிக்கிறாரு. 'கம்பெனியில எல்லாம் நல்லா இருக்கு'ன்னு கையெழுத்துப் போடத்தான் என்னைக் கூட்டியாந்தாரு. பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு மேல வந்தேன்."

"அடடா, டீட்டெயிலைப் பாருங்க," என்று பின்வரிசையிலிருந்து காக்ஸ் டவுன் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் டெரிக் பக்கத்து நாற்காலியிடம் சொன்னார். "இதை எழுதினவன் கண்டிப்பா நம்ம டிபார்ட்மென்ட்ல குப்பை கொட்டியிருக்கான்."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"பத்தொம்பது பேரு. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அந்தாண்ட, ஊதுபத்தி கம்பெனி. ஒரு வருஷமா கேட்டைத் தாண்டினது இன்னிக்குத்தான்."

ஏழு, எட்டு, ஒன்பது.

"கண்ணுல தண்ணி வரலையேப்பா," என்றார் டெரிக். "கொஞ்சம் அழுதா இன்னும் எடுபடும்."

"அடிப்பாங்களா?"

அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிக் காட்டினாள். முன்வரிசை எட்டிப் பார்த்து, மேக்கப்காரருக்கு நல்ல கை என்று தலையாட்டியது.

பத்து, பதினொன்று.

"பயப்படாதீங்கம்மா. இனிமே அரசாங்கம் உங்க பக்கம் இருக்கு," என்று வெங்கடசுப்ரமணியன் போட்டோகிராபர் நின்ற திசையில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். படிவத்தின் கடைசிக் கேள்வி: பாதிக்கப்பட்டவரை, அழைத்து வந்தவரிடமே ஒப்படைக்கலாமா? 'எக்காரணம் கொண்டும் கூடாது' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார்.

"டைம்," என்றாள் சஹானா. "எல்லாமே கரெக்ட் சார். இந்த வருஷம் நான் நடத்தின பதினாலு டிரெயினிங்ல உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்க்கல."

அரங்கம் கைதட்டியது. தாரணி நாற்காலியோடு ஒடுங்கினாள்.

"எல்லாம் எழுதிக்கிட்டீங்களா சார்?"

"ஒண்ணு விடாம எழுதியாச்சு. வாங்க, போகலாம்."

வந்த கலைஞரைத் தனியாக அனுப்புவது மரியாதை இல்லை என்று அவரே மாடியிறங்கினார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒரு மேடையில் சேர்ந்து நடித்தால் இப்படி ஒட்டுதல் வந்துவிடும் போலிருக்கிறது என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கவுண்டர் பக்கத்தில் ஃபைலும் கையுமாக ஒருவர் நின்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். வேஷப் பொருத்தம் இவருக்கும் குறைவில்லை.

"நீங்கதானே மேஸ்திரி?"

"ஆமாங்க சார்."

"பிரமாதமா சொன்னாங்க. ஒண்ணு பாக்கியில்ல. பத்திரமா கூட்டிட்டுப் போங்க."

"ரொம்ப சந்தோஷம் சார்," என்று அவர் குனிந்து கும்பிட்டார்.

சட்டையைப் பிடித்திருந்த விரல்களைச் சிரித்தபடி விடுவித்து, வாசலில் நின்ற மேஸ்திரியின் வேன் கதவையும் வெங்கடசுப்ரமணியனே திறந்துவிட்டார்.

மேலே சாப்பாடு பரிமாற ஆரம்பித்திருந்தார்கள். டெல்லிக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டுமா என்று டெரிக்கிடம் கேட்டுக்கொண்டே அவர் தட்டை எடுத்தபோது சஹானாவின் போன் அடித்தது. கை எச்சிலாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், நாடகக் குழுவிலேர்ந்து அம்ருதா பேசறேன். ஸாரி மேடம், அத்திபெலே டோல்கேட்லயே ஒரு மணி நேரமா மாட்டிக்கிட்டேன். என் சீனைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சுக்கலாமா?"