ஏசி நிற்கிற நேரம்

“மாமா, இந்தக் கோயிலுக்கு எங்கேருந்து கரண்டு வருது?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று கேட்டான் கஜேந்திரன். அந்திப் பூசைக்குக் கூடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆடித் திருவிழா நடக்கிற நாளில் கேட்கிற கேள்வியா இது?

மணிக் கயிற்றைப் பிடித்திருந்த முத்துலிங்கம் கையை எடுத்தார். கோயில் கமிட்டித் தலைவர். கஜேந்திரனுக்குச் சொந்தத் தாய்மாமன்.

“இதென்னடா கேள்வி? ரோட்டுக் கம்பத்துலருந்துதான் வருது.”

“கம்பத்துலருந்து வருதா, எங்க படகுக்குப் போற வயருலருந்து வருதா?”

கோயிலுக்கு நேர் கீழே, நீர்த்தேக்கத்தின் ஓரமாகக் கட்டிக் கிடக்கிறது அந்தப் படகு. உல்லாசப் பயணிகள் தங்க இரண்டு அறை. அதைப் பார்த்துக்கொள்வதுதான் கஜேந்திரனின் வேலை. லிந்துலை மலைக் குளிரில் எவனுக்கடா ஏசி என்று முதலில் லயமே சிரித்தது. இது சூடான காற்று ஊதுகிற ஏசி. அந்தச் சூட்டை நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள்.

படகுக்குக் கரண்டு கரையிலிருந்து வயரில் போகிறது. அந்த வயர் தாங்குவதோ கொஞ்சம்தான். இரண்டு அறையிலும் ஏசி ஓடினால் கஜேந்திரன் ஃபிரிட்ஜை அணைப்பான், சுடுதண்ணி மெஷினை அணைப்பான். தன்னைக் கேட்காமல் தேத்தண்ணி கொதிக்க ஒரு கேத்தலைக்கூடப் போட விடமாட்டான். இவ்வளவு கஞ்சத்தனம் பண்ணியும், திருவிழா தொடங்கியதிலிருந்து பொழுது சாய்ந்து கோயில் விளக்கு எரிந்ததுமே படகில் பல்பு மங்கி ஏசி தானாக நின்றுவிடுகிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?

“கைக்குழந்தையோட வந்திருக்காங்க மாமா. அது விறைச்சுப் போயி அழுவுது. ‘இன்னைக்கும் ஏசி நின்னா நாளையிலேருந்து வராத’ன்னு கொழும்புலருந்து முதலாளி போன் பண்ணிட்டாரு. இனி எனக்குப் பொறுமை இல்ல.”

“டேய், மாமன்கிட்ட பேசுற பேச்சா இது?” பூத்தட்டோடு நின்ற அவன் அம்மா மீனம்மா பதறினாள்.

“நீ சும்மா இரும்மா. வேல போனா மாமாவா நமக்குச் சோறு போடுவாரு?”

முத்துலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்க லைட்டும்தான்டா மங்குது. ஸ்பீக்கர் பாதியில நின்னு போவுது. நாங்க ஒங்க படகு மேல பழி போட்டோமா?”

“திருட்டுக் கரண்டு அப்படித்தான் மங்கும்.”

“திருடுனா பில்லு கொறையணும்லடா? அது மாசாமாசம் ஏறிக்கிட்டுல்ல போவுது!”

கோபத்தில் வாயை விட்டுவிட்டார். பின்வரிசையிலிருந்து அழகம்மாவின் குரல் வந்தது.

“அதையும் கேக்கணும்னுதாங்க இருந்தோம், தலைவரே. இந்த நாலு லைட்டுக்கு எப்படிங்க பில்லு ஏறும்?”

யாரும் அவளை அதட்டவில்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் முத்துலிங்கத்துக்கு உறைத்தது: தலைவர் பில் காசில் கை வைக்கிறார் என்ற சந்தேகம் இன்றைக்கு முளைத்ததல்ல.

கஜேந்திரன் விடவில்லை. “இந்தக் கோயிலுக்கு வயர் இழுத்து, லைட்டெல்லாம் போட்டு உபயமாக் குடுத்ததே எங்க முதலாளிதான். அவரு கரண்டுலேயே கை வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

அவன் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு டியூப் லைட்டிலும் முதலாளியின் பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. கோயில்காரர்கள் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டியிருக்கவில்லை. அவரே ஆள் அனுப்பி எல்லாம் முடித்துக் கொடுத்தார். அவருக்கு மாலை போட்டதே முத்துலிங்கம்தான்.

“மெயின் சுவிட்ச நிப்பாட்டுங்க மாமா. கோயில் லைட்டு நின்னதும் படகுல லைட்டு பளிச்சுன்னு எரியும். அப்ப இங்க நிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், யாரு திருடன்னு.”

மீனம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திருவிழாவில், அம்மனுக்கு முன்னால் விளக்கை அணைப்பதா?

முத்துலிங்கம் சனத்தைப் பார்த்தார். வேண்டாம் தலைவரே என்று ஒருவராவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். ஒரு வாயும் திறக்கவில்லை. அதுதான் அவரை அறுத்தது.

“நிப்பாட்டு,” என்றார். “ஒன் கையாலேயே நிப்பாட்டுடா. படகுல லைட்டு கூடுனா, தலைவர் வேலையும் வேணாம், இந்த லயமும் வேணாம். நான் இப்பவே எறங்கிப் போறேன்.”

கஜேந்திரன் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனான். மாமனின் முகத்தைப் பார்க்காமல் சுவிட்சைக் கீழே இழுத்தான்.

கோயில் இருண்டது. அம்மன் முன்னால் எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்தது. அத்தனை பேரும் முண்டியடித்து மதிலோரம் வந்து கீழே பார்த்தார்கள்.

நீர்த்தேக்கத்தில் படகு இருந்த இடமே தெரியவில்லை. ஒரு பல்பு இல்லை. இருட்டில் யாரோ இங்கிலீஷில் கத்துவது மட்டும் மேலே கேட்டது.

மீனம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“டேய்… அப்ப இத்தனை நாளா அங்க குளிர் காஞ்சதெல்லாம் நம்ம ஆத்தா கரண்டுலயா?”