ஒரு பொட்டு நுரை

ஆட்டுச் சூலகத்தின் செல்சவ்வில் ஒட்டிக்கொண்டிருந்த நொதி, என்ன செய்தும் பிரிந்து வரவில்லை. ஒருநாள் தானாகவே கரைந்து வந்து, முன்னைவிடச் சுறுசுறுப்பாக வேலையும் செய்தது. பேராசிரியர் இளங்கண்ணன் உடனே நொதியைப் பிரிக்கும் புதிய முறை ஒன்றைத் தன் பெயரில் அறிவித்துவிட்டார். உண்மையில் சவ்வைக் கரைத்தது, சோதனைக்குழாயில் மிச்சமிருந்த சோப்பு. அது, குழாயை அரைகுறையாக அலசிய மாணவி பொற்கொடிக்கு மட்டுமே தெரியும்.

இன்று டெல்லி நிபுணர்கள் முன் நொதி மறுபடி கரைந்தால்தான் அவளுக்கு முனைவர் பட்டம்.

"குழாயை நான் கழுவிடறேன் சார்."

"நீ கழுவுற லட்சணம் எனக்குத் தெரியாதாம்மா? தள்ளு."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே கழுவினார். அலசி அலசிக் கழுவினார். பிறகு குழாயை வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார். நிபுணர்கள் மெச்சித் தலையசைத்தார்கள்.

"பாத்துக்கோ, ஒரு பொட்டு நுரை இருக்கா?"

"இல்ல சார்," என்றாள் பொற்கொடி.