நின்ற வண்டியில் காற்று

வேகத்தடைகூட இல்லை, தார் ஒட்டுப் போட்ட சின்ன மேடுதான். அதற்கே வண்டி துள்ளிக் குதித்தது.

பக்கத்தில் மகள் இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள்.

வளைவில் இன்னும் மோசம். பின்பக்கம் வெடுக்கென்று விலகியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக்கினேன். தினமும் சலவைக் கம்பெனி வேனில் மூட்டை மூட்டையாகத் துணி ஏற்றி ஓட்டுகிறவள் நான். வேனுக்குப் பயப்படாத நான் இதற்குப் பயந்தேன்.

வண்டிக்குப் பயமா, வண்டிக்காரருக்குப் பயமா என்று கேட்டால், இரண்டாவதுதான்.

இது என் கணவருடையது. பழைய ஸ்போர்ட்ஸ் கார். மகள் பிறந்த வருஷம் வாங்கினார். மூன்று பேர் குடும்பத்துக்கு இரண்டு சீட்டு வண்டி. அதில் எங்கள் இருவருக்குமே இடம் இருந்ததில்லை. ஒருமுறை துடைக்கிறேன் பேர்வழி என்று ஈரத்துணியை வைத்துவிட்டேன். மணிக்கட்டு உடைந்தது. மாடிப்படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னேன்.

போன மழைக்காலத்தில் ஏரிக்கரையில் அவருடைய சட்டையும் செருப்பும் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. சொந்தபந்தமெல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

அதன் பிறகும் பின்சந்தில் இருக்கும் ஷெட்டுப் பக்கம் நான் போகவில்லை. இன்றைக்குத்தான், விற்றுத் தலைமுழுகிவிடலாம் என்று துணிந்து போய் வண்டியின் கவரை உருவினேன். ஒரு தும்மல்கூட வரவில்லை. சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே கிளம்பியது. நமக்கும் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மகள்தான் வேண்டாம், வேண்டாம் என்று அழுதாள். பழைய பயம், வேறென்ன? சமாதானம் சொல்லி ஏற்றினேன்.

அவளுக்குச் சொல்ல வந்துவிட்டேனே தவிர, எனக்கே அந்தப் பயம் விடவில்லை. அவர் கால் நீளத்துக்குத் தள்ளி வைத்திருந்த சீட்டை முன்னால் இழுக்கக்கூடக் கை வரவில்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்து, நுனிக்காலால் எட்டி எட்டி மிதித்துக்கொண்டிருந்தேன்.

வாங்குகிறவர் முன்னால் இப்படிக் குதித்தால் யார் வாங்குவார்கள்? வழியில் கண்ணில் பட்ட ஒரு பட்டறைக்குள் திருப்பினேன்.

மெக்கானிக்குக்கு என்னைவிட வயது கூடத்தான் இருக்கும். ஆனாலும் வாய் நிறைய அக்கா என்றார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இது வண்டி இல்லை, வெட்டுக்கிளி என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஷாக் அப்சர்பர் போயிருக்கும் என்றேன், எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள. அவர் வண்டியின் மூக்கை அமுக்கி விட்டார். எழுந்தது, அடங்கியது. அதில் குறை இல்லை. ஜாக்கி போட்டுச் சக்கரங்களை ஆட்டினார். ஆட்டம் இல்லை. அடியில் படுத்து டார்ச் அடித்து ஸ்பிரிங்குகளைப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. வெளியே வந்து தலையைச் சொறிந்தார்.

கடைசியில்தான், ஒப்புக்கு, டயரில் காற்றளவு பார்க்கும் கேஜை வைத்தார்.

முப்பது இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பது காட்டியது. நான்கு டயரிலும் அப்படியே. டயர் கல்லாட்டம் இருந்தால் வண்டி குதிக்காமல் என்ன செய்யும் என்றார். நோய் பிடிபட்டதில் அவருக்கு ஒரே குஷி.

எனக்கும் போன உயிர் வந்தது. ஒரு வருஷமாக யாரும் தொடாமல் நின்ற வண்டி, அப்போது அடித்த காற்றாக இருக்கும் என்று பேச்சுக்குச் சொல்லி வைத்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வருஷமா? சும்மா நின்னா காத்து இறங்கிடும்க்கா. நிக்கிற டயர் சப்பையாகக் கூடாதுன்னுதான் இப்படி ஏத்தி வைப்பாங்க. இது அடிச்சு ஒரு வாரம், பத்து நாள்கூட இருக்காது. பேட்டரிக்கும் சார்ஜ் போட்டிருக்காங்க. உங்க வீட்ல யாரோ வண்டியக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கறாங்க."

வீட்டில் நானும் மகளும்தான்.

ஷெட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். ஏரிக்கரையில் கிடைத்த சட்டையில் அது இல்லை. தண்ணீரோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மெக்கானிக் ஏதோ சொல்வது தெரிந்தது, கேட்கவில்லை. மகளைத் தேடினேன்.

அவள் ஓரத்தில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

கிட்டே போய்க் குந்தினேன். அவளாகத்தான் சொன்னாள்.

"போன வாரம் வந்தப்போ, வண்டிய மட்டும் நீ தொடாம பாத்துக்கச் சொன்னாரும்மா, அப்பா."

நான்கு டயரிலும் காற்றை முப்பதுக்கு இறக்கச் சொன்னேன். அந்த உஸ்ஸென்ற சத்தம் அடங்கும்வரை பட்டறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு தலையணையை மகள் மடியில் போட்டுவிட்டு, சீட்டை முன்னால் இழுத்தேன். கால் நன்றாக எட்டியது.

வண்டி இப்போது குதிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. மகள் என்னைப் பார்த்தாள்.

நான் நேராகப் போனேன்.