மடித்து வைத்த கடை

மாத்தளையில் ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் வாசனைச் சரக்குக் கடைக்கு மென்பொருள் எழுதிய நப்லான், சரக்குப் பட்டியலைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். கிளை கிளையாகப் பிரியும் பட்டியல் காடாகத் தெரிந்தது. படங்களை வரிசையாக அடுக்கினால் திரை சந்தையானது. கடைசியில், தொட்டால் விரிந்து படங்களைக் காட்டி, மற்ற நேரம் மடிந்துகிடக்கும் பட்டியலைப் பொருத்தினான். திரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

மறுநாள் எதிர்க்கடை நடராஜா அவனைக் கூப்பிட்டு பிளேன்டீ கொடுத்தார்.

"ஹாஜியார் கடைக்கு நீங்க போட்ட ப்ரோக்ராம் அருமை தம்பி. அத ஒருநாளும் மாத்திராதீங்க."

போட்டிக்காரரே மெச்சுகிறாரே என்று நப்லான் பூரித்துப்போய்த் தெருவைக் கடந்தான்.

ஹாஜியாரின் கடையில், பில் போடும் ஜெஸ்லா கணினி முன்னால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரும் வரலயா?"

"நிறையப் பேர் வந்தாங்க நானா. கறுவா, கராம்பு ஒண்ணுமே இல்லன்னு எதிர்க்கடைக்கு அனுப்பிட்டேன்."

"ஸ்டோர் நிறைய மூட்டை கிடக்கே?"

"இனி எழும்பிப் போய்ப் பாக்காதே, கம்ப்யூட்டர்ல பாருன்னு ஹாஜியார் சொன்னார். அதுல எல்லாம் மடிச்சித்தானே இருக்கு."

"மடிச்சிருந்தா?"

ஜெஸ்லா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"வெறும் சாக்கைத்தானே நானா மடிச்சி வைப்போம்."