ஏழாவது டிஸ்க்

“இந்த டேப் மட்டும் வேணாம்மா” என்றார் பத்மநாபன். கொண்டாப்பூர் ஸ்டூடியோவின் ஏசி குளிரிலும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

அவர் டிரம்ஸ் வாசித்த ராக் இசைக்குழுவுக்கு இது முப்பதாவது ஆண்டு. பழைய மேடைக் கச்சேரிகளை ஏழு டிஸ்க்குகளாகப் பெட்டியில் போட்டு வெளியிடும் வேலை ஹர்ஷிதாவுடையது. ஏழாவது, அல்வாலில் நடந்த கச்சேரி. அதில்தான் பாடகர் நந்தகுமார், அவளுடைய அப்பா, மைக்கில் ஷாக் அடித்து மேடையிலேயே இறந்துபோனார்.

“எர்த் வயரை மாட்ட மறந்தது நீங்கதான்னு அம்மாகிட்ட அன்னிக்கே ஒத்துக்கிட்டீங்க. இப்ப என்ன புதுசா பயம்? அம்மா வந்துட்டிருக்காங்க, அவங்களும் கேக்கட்டும்.”

“ஐயோ, அழிச்சிடும்மா. உன் கால்ல விழறேன்.”

அவள் பட்டனைத் தட்டினாள்.

கூட்டத்தின் கூச்சல். ஸ்பீக்கரில் ஓயாத ரீங்காரம். பிறகு பத்மநாபனின் இளவயதுக் குரல் அலறியது: “நக்கோ நந்து, வேணாம்! எர்த்தைப் பிடுங்காதே, செத்துடுவே!”

அப்பா சிரித்தார். “இந்த இரைச்சல்ல எப்படிடா பாடறது? இதோ, பிடுங்கிட்டேன். சத்தம் போச்சு பாரு!”

ரீங்காரம் நின்றது. ஹர்ஷிதா சட்டென்று டேப்பை நிறுத்தினாள்.

“ஏன் அங்கிள் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?”

“சாவை அவனே தேடிக்கிட்டான்னு உங்கம்மாகிட்ட சொல்ல வாய் வரலைம்மா.”

கதவு திறந்தது. அம்மா ஆவலோடு உள்ளே வந்தாள். “அப்பாவோட அல்வால் கச்சேரியைப் போட்டாச்சா?”

பத்மநாபன் ஹர்ஷிதாவைப் பார்த்தார்.

“அந்த டேப் பூஞ்சை பிடிச்சுப் போச்சும்மா” என்றாள் ஹர்ஷிதா. “மொத்தம் ஆறு டிஸ்க்தான்.”