கோதண்டராமனுக்கு என்ன ஆச்சு?

"நீங்க ஒக்காருங்க சார், நான் தொங்கிக்கினே வரேன்."

பூபாலன் துள்ளி இறங்கி ஷேர் ஆட்டோவில் தன் இடத்தைக் காலி செய்தபோது, கோதண்டராமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தன் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டான் என்று போன மாதம்தான் அவனைத் தெருவே வேடிக்கை பார்க்கக் கிழித்திருந்தார்.

"ஏன்டா, எனக்கு இன்னா முடியாமப் போச்சா?"

"அய்ய, அதெல்லாம் இல்ல சார். நீங்க நல்லா இருக்கணும்."

நல்லா இருக்கணுமாம். கோதண்டராமன் ஏறி உட்கார்ந்தார்.

அவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை ஓய்ந்ததே தவிரப் பரிசோதனை ஓயவில்லை. அச்சரப்பாக்கத்தில் அவர் தெருவில் யார் குப்பை எங்கே விழுகிறது, யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திட்டுவார். அப்படிப்பட்டவரிடம் ஒரு வாரமாகத் தெருவே தேனாய் உருகிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் கேட்காமலே கூடுதலாக ஊற்றினார். சலூனில் முடி வெட்டிய கையோடு கழுத்தையும் பிடித்துவிட்டார்கள். மாடி வீட்டு அமிர்தவல்லி கேழ்வரகு அடை கொண்டுவந்து, "சூடு ஆறதுக்குள்ள சாப்டுங்கண்ணா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இத்தனையும் அவர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்ட பிறகு. டாக்டரைப் பார்த்து ரிசல்ட் கேட்டுவந்தவள் மனைவி ஜோதிலட்சுமி.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் ரிமோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதுவும் சீரியல் ஓடுகிற நேரத்தில்.

அவருக்கு உறுதியாகிவிட்டது.

"ஜோதி, மறைக்காம சொல்லு. டாக்டர் இன்னா சொன்னாரு?"

"எத்தினி தபா சொல்றது? எல்லாம் நார்மல்னுட்டாரு. நீங்க நிம்மதியா நியூஸ் பாருங்க."

டிக்கெட் எடுக்காதவர்களும் இதே முகத்தோடுதான் "பாஸ் கீது சார்" என்பார்கள். அவருக்கா தெரியாது?

எழுந்து நேரே ஆட்சீஸ்வரர் கோயிலுக்குப் போனார். 'ஈஸ்வரா, கூப்பிடுகிறாய், வருகிறேன். ஆனால் தெருவுக்கெல்லாம் சொன்னவன் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்' என்றார். அழுகை வந்தது. பின்னாலேயே, அந்த அடை எவ்வளவு ருசியாக இருந்தது என்ற நினைப்பும் வந்தது. தான் திட்டாத ஆள் ஒருவர்கூட அந்தத் தெருவில் இல்லை. அவர்கள்தான் இப்போது தன்னைத் தாங்குகிறார்கள். தான் மட்டும் பகையை மூட்டை கட்டிக்கொண்டு போவதா?

திரும்பும் வழியில் ஒரு பொட்டலம் கம்பு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஏசுதாஸிடம் போனார். ஏசுதாஸின் சேவல் விடியுமுன்னே கூவுகிறது என்று போலீஸ் ஸ்டேஷன் வரை போனவர் அவர். அன்று முதல் இருவருக்கும் பேச்சில்லை. இந்த ஒரு வாரத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆளும் ஏசுதாஸ்தான்.

"ஏசுதாஸு, இது உன் சேவலுக்கு. கூவட்டும்ப்பா. எப்ப வேணா கூவட்டும். நான் எதுனா தப்பாப் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காத."

ஏசுதாஸ் பொட்டலத்தைப் பார்த்தார். கோதண்டராமனைப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டது.

"ஓஹோ. நீயும் அதுல சேந்துட்டியா? தெருவுல அத்தினி பேர் இருக்க, உனக்கு நான்தான் கெடச்சனா?"

"எதுல சேந்தேன்?"

"தெரியாத மாரி கேக்காத. லைப்ரரி மாடியில ஜெனிட்டா மேடம் நடத்துற மனசு கிளாஸ்ல. என் வூட்டுக்காரியும் போய்க்கினுதான் கீறா. அடுத்தவங்களுக்கு நல்லது செஞ்சா நம்ம பிரஷரு எறங்குதுன்னு ஆராய்ச்சியில கண்டுபுட்ச்சிகீறாங்களாம். அதான் ஹோம்வொர்க்கு குட்த்திருக்காங்க. யாரைக் கண்டாலே நமக்கு ஆவாதோ, அந்த ஆளுக்குத் தினம் ஒரு நல்லது செய்யணுமாம்."

கோதண்டராமன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"பூபாலன் அந்தக் கிளாஸ்ல கீறானா?"

"கீறான்."

"அமிர்தவல்லி?"

"அது முன் பெஞ்சு."

"டீக்கடைக்காரரு?"

"ஒவ்வொருத்தரா இன்னாத்துக்குக் கேட்டுக்கினு கீற? மொத்தத் தெருவும்தான். உன் வூட்டம்மாதான் கிளாஸ் லீடரு."

கோதண்டராமன் ஏசுதாஸைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்தையும் கிள்ளினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கத் தன் வீட்டுக்கு ஓடினார்.

"ஜோதி, எனக்கு ஒரு நோயும் இல்லடி. ஊர்ல ஒருத்தருக்கும் என்னைப் புடிக்கல, அவ்ளோதான்!"