அம்மா போன் பேசணும்

"ஒண்ணு கேக்கணும், நத்தை."

"நாளைக்குக் கேளு, மின்மினி. அம்மா போன் பேசணும். லைனை விடறேன்."

கல்லூரி நாட்களில், இணைய அரட்டை அறையில் மின்மினி என்ற பேரில் அவள் வாசித்த கடைசி வரி அது. அப்போதெல்லாம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணையம் வரும். வீட்டில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் போச்சு, பேச்சு பாதியிலேயே அறுந்துவிடும்.

நத்தையின் நிஜப் பேர், முகம், குரல் எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் மனதில் பட்டதை இருவரும் பயமில்லாமல் எழுதிய இடம் அது. மறுநாள் அந்த அறைக்கே மேலிடத்திலிருந்து பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

இப்போது பூட்டுப் போடுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இணையத்தில் மேலிடத்துக்கு ஆகாத பதிவுகளுக்குச் சிவப்புக் குறி வைப்பது அவள் வேலை. குறி வைத்ததை அழிப்பது கண்ணாடி அறை மேலாளரின் வேலை.

சிரிக்கவே தெரியாத மனுஷன். மேஜைத் தொலைபேசி மேல் எப்போதும் ஒரு குஷனைப் போட்டு வைத்திருப்பார், யாரையும் தொட விடமாட்டார். "போனுக்குக் குளிருதாம்டி" என்பாள் பக்கத்து இருக்கைக்காரி.

ஒரு வாரமாக ஒரே பதிவு தொல்லை கொடுத்தது. புது மேம்பாலத்தின் தூணில் விரிசல், படத்தோடு. அழிக்க அழிக்க முளைத்தது. இன்று அதன் அடியில் புதிதாக ஒரு வரி: 'அம்மா போன் பேசணும். லைனை விடறேன்.'

"கழண்ட கேஸு போல" என்று சிரித்தாள் பக்கத்து இருக்கைக்காரி.

இவள் சிரிக்கவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சாயங்காலம் கண்ணாடி அறையிலிருந்து அழைப்பு வந்தது.

"ஏம்மா குறி வைக்கல?"

"விரிசல் நெஜம் சார். அந்தப் பாலத்துல தினமும் ஜனங்க போறாங்க."

"எழுதினது யாருன்னு தெரியுமா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"வேலை போயிடும்."

"தாராளமா போகட்டும்." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "மின்மினின்னு ஒருத்தி இருந்தா சார். அவகிட்ட ஒருத்தன் தினமும் அந்தக் கடைசி வரியைச் சொல்லிட்டுத்தான் போவான். அவன் எழுதினதுக்கு என் கையால குறி வைக்க மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்குங்க."

மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டார். அட்டையை எடுத்து அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"நாளைக்குக் கேளுன்னேன்" என்றார் மெல்ல. "அந்த நாளைக்கு வர்றதுக்கு இத்தனை வருஷமாகும்னு நெனைக்கல."

அவள் பார்வை தொலைபேசி மேல் இருந்த குஷனில் போய் நின்றது; யாரும் ரிசீவரைத் தூக்கிப் பேச்சை அறுத்துவிடக் கூடாதென்ற அந்தக் காலப் பழக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நானும் உன்கூட எழுதட்டுமா, நத்தை?"